ஜன்னலோரம் நின்றவள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தே கிடப்பவர்களை நடக்க வைக்க பிசியோதெரபிப் பெண் ஒரு வழி வைத்திருந்தாள். சொந்தக்காரர் ஒருவரைக் கோடியில் நிறுத்தி, "அவங்ககிட்ட போங்க" என்பாள். சொந்த முகத்தைப் பார்த்தால் கால் தானாக வரும் என்பது அவள் கட்சி. சின்னப் பெண், எல்லா வீடும் தன் வீடு மாதிரிதான் என்று நினைப்பு.

அன்று நிற்க வைத்தது மேஸ்திரியின் மனைவியை. மேஸ்திரிக்குத் தொண்டையில் குழாய், மூச்சு விடுவது மெஷின். பார்க்க வந்தவர்களெல்லாம் "பாவம், எப்படித் தவிக்கிறாளோ" என்றார்கள். அவளோ வெளியே பெஞ்சில், கல்யாணமான நாளிலிருந்து விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் தூங்கித் தீர்த்தாள். முதுகில் கன்றிப்போன இடங்கள் ஆறிவிட்டன. அந்த மனுஷன் எழுந்திருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்பட வேண்டும்?

"ஜன்னல் பக்கம் நின்னு அவரைக் கூப்பிடுங்கம்மா" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

"நான் கூப்பிட்டுப் பழக்கமில்லம்மா."

"இந்த வயசுல என்ன வெட்கம்!" என்று நர்ஸ் சிரித்தாள். மேஸ்திரியைத் தூக்கி நிறுத்தியபடியே, "உங்க வீட்டம்மா தினமும் வெளிய குறட்டை விட்டுத் தூங்குறாங்க சார், எழுந்து போய் என்னன்னு கேளுங்க" என்று விளையாட்டுக்குச் சொன்னாள்.

மேஸ்திரியின் கண் பளிச்சென்றது. அந்தப் பளிச்சு என்னவென்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாக்கரைப் பிடித்து, இரைக்க இரைக்க, காலை இழுத்து இழுத்து வந்தார். மெஷினை ஒருத்தி பின்னால் உருட்டினாள். பாதியில் உட்கார நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு மேலே நடந்தார். பின்வாங்க அவளுக்கு இடமில்லை, முதுகில் ஜன்னல் இடித்தது.

"வாக்கரை விட்டுட்டு அம்மா கையப் பிடிங்க, பார்ப்போம்."

பிடித்தார். மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தி, மெதுவாகத் திருகினார். அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிசியோதெரபிப் பெண் குனிந்து அவர் விரல்களைப் பார்த்தாள்.

"அடேயப்பா, என்ன பிடி! இத்தனை நாளா நான் குடுத்த பந்தைக்கூட அமுக்கல. அம்மா, இனிமே காலையும் சாயங்காலமும் வந்து கையக் குடுங்க. சீக்கிரமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"சரிம்மா" என்றாள் அவள்.