டேங்கைக் கடித்த அணில்

பரியாமான் கடற்கரைத் தோப்புகளில் ஏர் கன்னோடு அணில் வேட்டைக்குப் போகும் சங்கத்துக்கு நஸ்ருல்தான் செயலாளர். செயலாளருக்கு இரண்டு வேலை. ஞாயிறு காலை எல்லோரும் துப்பாக்கிக்குக் காற்று அடித்து முடித்ததும் விதிகளை உரக்கப் படிக்க வேண்டும். மதியம் வால்களை எண்ண வேண்டும். விதிகள் மொத்தம் ஒன்பது. அதில் மூன்றாவது, கூரையோ மின்கம்பியோ சாலையோ பின்னால் இருந்தால் அந்த அணிலைச் சுடக் கூடாது என்பது. அதைப் படிக்கும்போது மட்டும் நஸ்ருல் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். இதில் எவனோ ஒருவன் அந்தத் தப்பைச் செய்யப் போகிறான், அவன் யாரென்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரிப் பார்வை. பின்னால் யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறு வேட்டை அவருடைய மனைவி மர்தியானாவின் ஊரில். அதாவது அவரும் குடியிருக்கிற ஊரில்தான். அங்கே வீடு பெண்களுடையது; கட்டிக்கொண்டவன் வந்து சேர்ந்தவன். நஸ்ருல் வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இன்னும் அவர் ஏதாவது கருத்துச் சொன்னால் வீட்டில் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு வேறு மாதிரி செய்வார்கள். அப்படிப்பட்ட ஊர், தேங்காயில் பாதியை அணில் துளைத்துக் குடித்துவிடுகிறது, வந்து ஒரு வழி பண்ணுங்கள் என்று சங்கத்தைக் கூப்பிட்டிருந்தது. மாப்பிள்ளை கை வரிசையைக் காட்ட இதைவிட்டால் வேறு நாள் இல்லை.

பதினோரு மணிக்கு, கம்பார் என்கிற ஒல்லிப்பயல் இடுப்பில் ஏழு வால் தொங்கியது. நஸ்ருல் இடுப்பில் ஒன்று. அதுவும் பாதி வால்.

சாப்பாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எத்தே ரோஸ்மா தோப்புக்குள் வந்தார். மர்தியானாவின் அம்மாவுக்குத் தங்கை. அங்கே சின்னம்மாவை எத்தே என்பார்கள்; அவர் ஊருக்கே எத்தே.

"மாப்ளே, எத்தன ஆச்சு?"

"இப்பத்தான் சூடு பிடிக்குது எத்தே."

"கம்பாருக்கு ஏழாமே? அதுவும் இரவல் துப்பாக்கியாம்."

எத்தேவுக்கு இடித்துப் பேசத் தெரியாது. தெரிந்த செய்தியைச் சொன்னார், அவ்வளவுதான். கூடையோடு அவர் தோப்பைத் தாண்டிய அந்த நிமிஷம், ஓர் அணில் மட்டையில் ஓடிவந்து தாவி, சுராவின் ஒளுச் செய்கிற இடத்துக்கு மேல் இருந்த தண்ணீர் டேங்கின் மூடியில் உட்கார்ந்து வாலை நிமிர்த்தியது. சுராவ் என்பது ஊர்த் தொழுகைக்கூடம்; ஒளு என்பது தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் டேங்க். நாற்பது தப்படி தூரம். பின்னால் கூரை.

விதி மூன்று எழுந்து நின்று கையைக் காட்டியது. நஸ்ருல் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அடுத்த ரவையை உதட்டில் கவ்வி வைத்திருப்பது அவர் பழக்கம். ஈயம் வாய்க்கு ஆகாது என்று அதையும் விதி ஏழில் தடுத்து எழுதியவர் அவரேதான். உதட்டிலிருந்து எடுத்துப் போட்டார், குறி பார்த்தார், சுட்டார்.

'டப்' என்று ஒரு சத்தம். அதை ஒட்டியே 'டொக்' என்று இன்னொரு சத்தம். அணில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்து, யாரது என்று பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போயிற்று. டேங்கின் அடிப்பக்கத்தில் கம்பி மாதிரித் தண்ணீர் பீச்சத் தொடங்கியது.

யாரும் பார்க்கவில்லை. அவருக்கு நேர்ந்த பெரிய கெடுதல் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சுராவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, துணி சோப்பில் ஒரு துண்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவருமாக நஸ்ருல் ஏணி ஏறினார். ஓட்டைக்கு நேர் மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'மர்ஹூம் பஹ்ருன் நினைவாக, மனைவி ரோஸ்மா அளித்த வக்ஃபு.' முட்டி போட்டால் மூக்குக்கு நேராகப் பெயர். எத்தேவின் புருஷன் பஹ்ருன், நஸ்ருல் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "இங்க நாம ரெண்டு பேரும் விருந்தாளிங்கடா, கொழம்புல மீன் தலைய நமக்குத்தான் வைப்பாங்க, அதை வெச்சுத் திருப்திப்பட்டுக்க" என்று சொல்லிக்கொடுத்த மனுஷர். அவர் பெயரைப் பார்க்காமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு சோப்பை அடைத்ததில், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி ஓட்டையைச் சுற்றிக் கீறிவைத்தது. சோப்பு மூன்று நாள் தாங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் தண்ணீர் நின்றுபோனது. சுராவைப் பார்த்துக்கொள்கிற லபாய் ஜமாரிஸ் வலது காலைக் கழுவிவிட்டு இடது காலைத் தூக்கிப் பிடித்தபடி குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கால் ஈரத்தோடு மேலே ஏறிப் பார்த்தார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், குரல் மங்கலில்லை.

"அணிலு! டேங்கையே கொறிச்சிருக்கு! பல்லு பட்ட கீறல் அப்படியே இருக்கு பாருங்க."

கீழே நின்றவர்கள் அதிசயப்பட்டார்கள். லபாய் அதோடு விட்டிருக்கலாம்.

"நல்ல பிளாஸ்டிக்கா இருந்தா அணில் பல்லு எறங்குமா? வக்ஃபு குடுக்கறவங்க அல்லாவுக்குக் குடுக்கறோம்னு நெனச்சு வாங்கணும். எது மலிவுன்னு தேடி வாங்கினா இப்படித்தான்."

திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எத்தே ரோஸ்மாவும் ஒருவர். இந்தப்பக்கம் நஸ்ருல், தொழுகைக்கு வந்தவர், தன்னுடைய கால் கட்டை விரலை முன்பின் பார்த்திராதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எத்தே ரோஸ்மா சுராவுக்கு வரவில்லை. முட்டி வலி என்றார். அதே முட்டியோடு காலையில் கடற்கரை வரை நடந்துபோய் மீன் வாங்கிவந்தார்.

சனிக்கிழமை லபாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, அது டேங்க் ருசி கண்டுருச்சு. ஒட்டுப் போட்டாலும் மறுபடி கடிக்கும். அந்த ஒண்ண மட்டும் தூக்கிடு."

"தோப்புல முந்நூறு அணில் இருக்கு லபாய். அதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அத எங்கிட்டக் கேக்கறியே! செயலாளர் நீயா நானா?"

சொல்லிவிட அதுதான் சமயம். நஸ்ருல் வாயைத் திறந்தார். "எத்தன மணிக்கு வரணும்?" என்று வந்தது.

மறுநாள் காலை, சுராவுக்குப் பின்னாலிருந்த தென்னையில், பின்னால் தடித்த மரம் இருக்கும்படி, விதி தவறாமல், ஓர் அணிலைச் சுட்டார். குறி தப்பவில்லை. தப்ப வேண்டிய நாளில் அது தப்பாது. லபாய் செத்த அணிலை வாங்கி வாயைப் பிதுக்கிப் பார்த்து, "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க!" என்று கத்தினார். "பல்லு ஆரஞ்சு கலரு! டேங்க் கலரு! வேற என்னய்யா சாட்சி வேணும்?"

அணிலுக்குப் பிறவியிலேயே பல் அந்த நிறம்தான். இருநூறு அணிலையாவது கையில் பிடித்துப் பார்த்த செயலாளருக்கு அது தெரியும். எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். கம்பார்கூடத் தட்டினான். வாலை அறுத்து, மற்ற அணில்களுக்கு எச்சரிக்கையாக, ஒளுச் செய்யும் இடத்துத் தூணில் உயரக் கட்டினார்கள். மிச்சத்தைத் தோப்பில் வீசிவிடுவதுதான் வழக்கம். நஸ்ருல் அதை எடுத்துப்போய்க் குழி தோண்டிப் புதைத்தார். பெண் அணில். மடியில் பால் இருந்தது.

மத்தியானம் எத்தே மீன் தலைக் குழம்பு அனுப்பியிருந்தார். குற்றவாளியைப் பிடித்த மாப்பிள்ளைக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"என்ன, தலைய ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள் மர்தியானா. "காய்ச்சலா?"

"வயிறு சரியில்ல."

"இருபத்திரண்டு வருஷத்துல உங்க வயிறு சரியில்லாம நான் பாத்ததில்ல. எத்தே பாவம், உங்களாலயாவது கொஞ்சம் மனசு ஆறும்னு பாத்தா, அதுவும் இல்ல. அணில்தான் கடிச்சதுன்னு ஆயிடுச்சு. அப்ப டேங்க் மட்டம்னும் ஆயிடுச்சுல்ல? சந்தையில எல்லாரும் அதத்தான் பேசறாங்க. சித்தப்பா பேர்ல மட்டமான டேங்க்னு."

மீன் தலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஊர் கூடி வேலை. டேங்கை இறக்கிக் கழுவி, காய்ச்சிய இரும்பால் ஒட்டுப் போட்டு மறுபடி ஏற்றுவதாகத் திட்டம். நஸ்ருலுக்கு முந்தின இரவே புத்தியில் உறைத்துவிட்டது: கழுவினால் ரவை கிடைக்கும். கூர்மூக்கு ரவை. சங்கத்தில் அதை வாங்குகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாங்கும் தட்டை மூக்கு ரவையை ஏளனம் செய்து ஒரு மணி நேரம் பேசியதும் அவர்தான்.

டேங்கைக் கயிறு கட்டி இறக்கி முற்றத்தில் படுக்கப் போட்டார்கள். வாய் ஒரு பானை வாய் அகலம்.

"நான் உள்ள போறேன் அஜோ," என்றான் கம்பார். வயதில் மூத்தவர்களை அங்கே அஜோ என்பார்கள். "நீங்க போனா அப்புறம் டேங்கை அறுத்துத்தான் உங்கள எடுக்கணும்."

"எத்தே குடுத்த டேங்க். வீட்டு மாப்பிள்ளைதான் கழுவணும்."

அந்த வார்த்தைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து மெச்சுகிற சத்தம் வந்தது. பனியனும் லுங்கியுமாக, முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு நாலு பேர் பின்னாலிருந்து தள்ளியதில் மிச்சம் என்று நஸ்ருல் உள்ளே போய்ச் சேர்ந்தார்.

உள்ளே வெல்லப் பாகு நிறத்தில் வெளிச்சம். ஓட்டை வழியாகக் கொசுவத்திப் புகை கனத்துக்கு வெயில் ஒன்று நீண்டு அவர் தொப்பையில் விழுந்தது. நகர்ந்தார், வெயில் நெஞ்சுக்கு ஏறியது. வண்டலில் விரலை விட்டுத் துழாவினார். கிடைத்தது. மூக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தது, ஆனால் அவருடையதுதான். லுங்கியில் ஏது பை? பழக்க தோஷம், கை அதை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் வெளியே எத்தேவின் குரல் கேட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு சுராவ் முற்றத்தில்.

"லபாய், இந்த வளையலப் புடிங்க."

"எதுக்கு எத்தே? ஒட்டுப் போட்டாப் போதும்."

"ஒட்டு வேணாம். வித்து அணில் பல்லு எறங்காத டேங்கா ஒண்ணு வாங்கிப் போடுங்க. அப்புறம் இன்னொரு விஷயம். அதுல அவரு பேர எழுத வேணாம். பேரு இருந்தாத்தான பேச்சு. மனுஷன் நிம்மதியாப் படுத்திருக்கட்டும்."

லபாய் ஏதோ முனகினார். வளையல் கை மாறுகிற சின்னச் சத்தம், பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி நஸ்ருலுக்குக் கேட்டது.

ரவையைத் துப்பினார்.

"அணில் கடிக்கல," என்றார்.

டேங்க் அதை வாங்கி, பெருக்கி, முற்றம் முழுவதற்கும் கொடுத்தது. வெளியே எல்லா வேலையும் நின்றது.

"யாரு பேசறது?" என்றார் லபாய்.

"டேங்கு," என்றான் கம்பார்.

"நான்தான், நஸ்ருல். அணில் கடிக்கல. நான் சுட்டேன். அந்த ஞாயித்துக்கிழம. கூரையப் பாத்து. அந்தக் கீறலும் என்னோடதுதான், சோப்பு வெச்சு அடைச்சேன். டேங்க் நல்ல டேங்கு. எத்தே நல்ல டேங்காத்தான் வாங்கியிருக்காங்க. நான்தான்..."

முகம் தெரியாத இடத்திலிருந்து பேசுவது சுலபமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்கூடப் பேசியிருப்பார். சுவரில் 'டொக் டொக்' என்று விரல் முட்டி தட்டியது.

"மாப்ளே." எத்தேவின் குரல் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "அவரு பேரு போட்ட டேங்குக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லாத. வெளிய வந்து சொல்லு."

உள்ளே போனதைவிட வெளியே வருவது கஷ்டமாக இருந்தது. உள்ளே போகும்போது தள்ளுவதற்கு நாலு பேர் இருந்தார்கள். இப்போது யாரும் கையைக் கொடுக்கவில்லை. தலையும் ஒரு கையும் வந்து, தோள் மாட்டிக்கொண்டது. வண்டல் அப்பிய முகத்தோடு, தரைக்கு ஒரு சாண் மேலே, ஊர்க்காரர்களின் கால்களைப் பார்த்தபடி நஸ்ருல் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். விதி மூன்றையும் சேர்த்துச் சொன்னார். யாரோ சிரித்தார்கள், மர்தியானா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் முகத்தை நஸ்ருல் நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார். செருப்பு திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தது.

கடைசியில் கம்பார்தான் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். "அஜோ, மூச்ச விடுங்க, விட்டாத்தான் வயிறு வரும்."

லபாய் வளையலை நீட்டிக்கொண்டு நின்றார். "எத்தே, நான் அன்னிக்கு... வாய் தவறி..."

எத்தே வளையலை வாங்கி நிதானமாக மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கிழம, வாய் தவறாமச் சொல்லுங்க. திரைக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கணும். போன தடவ நல்லாவே கேட்டுச்சு."

பிறகு நஸ்ருல் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நஸ்ருல் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அது சரி," என்றார் எத்தே. அவர் கண் தூணுக்குப் போயிருந்தது. "அந்த அணிலு என்ன மாப்ளே பண்ணுச்சு?"

நஸ்ருலும் தூணைப் பார்த்தார். செயலாளர், இருநூறு வால் எண்ணியவர், ஒன்பது விதி எழுதியவர், வாயில் ஈயத்தின் கசப்போடு நின்றார்.

"அத அவிழ்த்துடு. பாக்க நல்லால்ல."

நஸ்ருலே ஏணியை எடுத்துப்போய்ச் சாத்தி ஏறினார். ஒரு வார வெயிலில் வால் கிடுகு மாதிரி காய்ந்திருந்தது. முடிச்சு இறுகிப்போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. கீழே லபாய் யாரும் சொல்லாமலே குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். கம்பார் இரும்பைக் காய்ச்ச நெருப்பு மூட்டினான்.

வாலோடு ஏணியில் பாதி இறங்கியவருடைய கை, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில், அதைச் செருக இடுப்புக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் ஏணியில் நின்றிருந்தார்.