மெல்கூனவ் பிரபுவின் நெஞ்சு

ஜெனரல் மெல்கூனவ் பிரபுவுக்கு இன்னொரு பதக்கம் கிடைத்துவிட்டது. ஓவியர் யெவ்கிராஃபுக்கு அன்றைய பொழுது நாசம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் தீட்டிக் கொடுத்த தன் நீர்வண்ண உருவப்படத்தோடு, பீட்டர்ஸ்பர்க் பனியையும் பார்க்காமல் மனுஷர் வந்து நின்றுவிட்டார்.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்றால் வெறும் காகிதம்தான். ஒவ்வொரு பதக்கத்துக்கும் சட்டையின் கரும்பச்சையைக் கத்தியால் சுரண்டித்தான் இடம் பண்ண வேண்டும். இது ஏழாவது.

"புதுசா ஒண்ணு வரைஞ்சிடலாமே ஐயா?"

"எதை? இந்தக் கிழட்டு மூஞ்சியையா? படத்துல இருக்கிற முகத்துல கை வைக்காதே யெவ்கிராஃப். பதக்கத்த மட்டும் போடு."

யெவ்கிராஃப் அலுத்துக்கொண்டே சுரண்டினார். நாலாவது இழுப்பில் கத்தி மறுபக்கம் போய்விட்டது. படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிரபுவின் இடது மார்பு வழியாக வெளிச்சம் வந்தது.

"நெஞ்சு ஓட்டையாப் போச்சுங்க," என்றார், திட்டு வாங்கத் தயாராக.

பிரபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஓட்டையையே வெகுநேரம் பார்த்தார்.

"மேல பதக்கத்த வச்சா வெளிய தெரியாதுய்யா," என்றார் கடைசியில். "நான் அப்படித்தானே நடமாடிக்கிட்டிருக்கேன்."