ஏழு படம் எடுத்த கேமரா

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மலாக்கா டவுனில் ஒரு பழைய சாமான் கடையில், பிஸ்கட் டின் ஒன்றுக்குள். டின்னில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். கடைக்காரர் சொன்ன விலை அநியாயம். "பழசுலா சார், மெர்டேக்கா காலத்துது" என்றார். மெர்டேக்கா, அதாவது விடுதலைக் காலத்தது என்றால் நானும்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்தேன்.

படத்தில் ஒரு பஸ் டிக்கெட் கவுண்டர். கம்பிக்குப் பின்னால் ஒருவர், இடது கன்னம் நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பி நிற்கிறார். கன்னம் முழுக்க அம்மை வடு. படத்தின் பின்பக்கம் பென்சிலில் '8' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எட்டு என்றால் முதல் ஏழு எங்கே? வடு இருக்கும் பக்கத்தை எவனாவது வலியக் காட்டுவானா? இந்த இரண்டு கேள்விகளைத் தவிர மீதி அத்தனையும் நான் கட்டியது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "1957ஆம் ஆண்டு, நாடு விடுதலையை நோக்கி நடைபோட்டுக்கொண்டிருந்த அந்தப் பொன்னான..."

(விட்டுவிட்டேன். 'பொன்னான' என்று எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. மலாக்காவில் காஜா பெராங் பக்கத்துக் காப்பிக் கடையில் அப்போது நடந்த பேச்சே வேறு. வெள்ளைக்காரன் நிஜமாகவே போகிறானா, முன்வாசலில் போய்ப் பின்வாசலில் வந்துவிடுவானா என்பதுதான் பேச்சு.)

இரண்டாவது முயற்சி: "தெய்வானைக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது."

இது தேவலை. இப்படியே போகிறேன்.

தெய்வானைக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து வந்த மாப்பிள்ளை படம் அது. பெயர் பொன்னுதுரை, பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கோட்டுப் போட்டு, கையில் ஒரு தடிப் புத்தகத்தோடு, வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு மருகூட இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா பத்மினிக்கு வந்த மாப்பிள்ளை படத்திலும் இதே கோட்டு, இதே புத்தகம், இதே வழுவழுப்பு. தாலி ஏறிய பிறகுதான் அந்த மனிதருக்கு நாற்பத்தாறு வயது என்று தெரிந்தது. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவ் மேல் கூரான பென்சிலால் தடவித் தடவிப் பதினைந்து வருஷத்தை மறைத்திருந்தார். அது அவர் தொழில், கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுப்பார். செமாபோக்குக்குப் போன தெய்வானையின் படத்துக்கும் செய்துதான் கொடுத்திருந்தார். அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

பத்மினி மூன்று மாதமாகப் பிறந்த வீட்டில் இருந்தாள். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.  சமையலறையில் அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் தெய்வானையும் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பாள்.

அப்பாவின் பெயர் பிச்சை. அவர் கெடு வைத்துவிட்டார். விடுதலைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை செமாபோக்குக்குப் பதில் போயாக வேண்டும். "நாட்டுக்கே தேதி குறிச்சாச்சு, உனக்கு என்ன யோசனை?" என்றார்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தீர்ந்தது, இதற்கு ஏன் கேமரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அக்காவும் தங்கையும் ஒரு தடவை பஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கவுண்டர் இருட்டு, தலையில் தொப்பி, தெரிந்தது அரை முகம். முழுதாகத் தெரிந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. பிச்சை படத்தை மட்டும்தான் நம்புவார். பத்மினியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை எதிரில் நிற்க, இவர் பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்றவர். அவரிடம் பேச வேண்டுமானால் படத்தைக் கொண்டுதான் பேச வேண்டும். பென்சில் படாத படம்.

* இங்கே ஒரு குறிப்பு. தெய்வானை வீட்டார் மலாக்காச் செட்டிகள். சாமியும் பெயரும் நம்முடையவை, வீட்டில் பேசுவது மலாய், நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள். 'அக்கா' அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். மற்றபடி இந்தக் கதையில் அவள் பேசும் தமிழெல்லாம் நான் மாட்டிவிட்ட கோட்டு. ஸ்டூடியோக்காரரைச் சந்தேகப்படுகிற நீங்கள் என்னையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

3.

கெபாயா ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து சேர்த்த முப்பது வெள்ளியோடு அக்காவும் தங்கையும் நல்லையா கடைக்குப் போனார்கள். நல்லையா கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணாடி அலமாரியில் நாலைந்து கேமராவும் வைத்திருந்தார்.

"புதுசா படம் எடுக்கிறவங்களுக்கு இது போதும்லா" என்று ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "பதினெட்டு வெள்ளி. விசையை அமுக்கினா படம். வேற வேலையே இல்ல."

"நிழல்ல எடுக்குமா?"

"நல்ல வெயில் வேணும்மா. ஆளும் ஆடாம நிக்கணும்."

டிக்கெட் கவுண்டருக்குள் வெயில் ஏது? டிக்கெட் கிழிக்கிறவர் ஆடாமல் நிற்பாரா? தெய்வானை பெட்டியைத் தள்ளி வைத்தாள். மேல்தட்டில் வெள்ளி விளிம்போடு ஒன்று மினுக்கியது. அவள் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, "அதைக் கேக்காதீங்க, எழுபது" என்றார் நல்லையா.

பிறகு கீழ்த்தட்டிலிருந்து தோல் உறையோடு ஒன்றை எடுத்தார். மடக்கினால் கைப்பை அளவு, திறந்தால் துருத்தி போல நீளும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிழலிலும் எடுக்கும். எத்தனை அடி தூரம் என்று மட்டும் நாமே கணித்து வளையத்தைத் திருப்ப வேண்டும். கைமாறியது, இருபத்தெட்டு வெள்ளி.

"ஏன் இவ்வளவு மலிவு?" என்றாள் தெய்வானை.

"விக்கிறவருக்கு அவசரம்."

"என்ன அவசரம்?" இது பத்மினி. "திருட்டுச் சாமானா?"

"ஐயோ, என் கடையை மூட வச்சிடாதீங்கம்மா! செமாபோக் ஆளு. ஒரு மாசம்தான் வச்சிருந்தாரு. ஏன் எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா அப்புறம் தொல்லை, சுசாலா."

தெய்வானை துருத்தியின் மடிப்பு முனைகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவினாள். துணியானாலும் தோலானாலும் இற்றுப்போவது மடிப்பில்தான் என்பது தையல்காரிக்குத் தெரியாதா?  ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை. அடுத்துப் பின்மூடியில் கை வைத்தாள்.

"திறக்காதீங்க! உள்ள பிலிம் இருக்கு. வெளிச்சம் பட்டா அவ்வளவுதான்."

மூடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. அதற்குள் 7 என்ற எண் தெரிந்தது.

"மொத்தம் எட்டு. ஏழு எடுத்தாச்சுன்னாரு. மிச்சம் ஒண்ணு, அது உங்களுக்கு இனாம்."

"எடுத்த படத்தைக் கழுவிப் பாக்காமலா ஒருத்தன் விப்பான்?" என்றாள் பத்மினி. நல்லையா காது கேட்காதவர் போல ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தார்.

4.

வீட்டுக்கு வந்து தோல் உறையைத் திருப்பிப் பார்த்தபோது உள்பக்கம் மையில் எழுதியிருந்தது: பொன்னுதுரை, செமாபோக்.

(இவ்வளவு தற்செயலா என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது தெரிகிறது. வேறு யாருடைய கேமராவையோ வாங்கியதாகவும் எழுதிப் பார்த்தேன். கதை மூன்றாம் பக்கத்திலேயே படுத்துவிட்டது. தவிர, அந்த டவுனில் அன்று இருபத்தெட்டு வெள்ளிக்கு எத்தனை கேமரா கிடைத்திருக்கும்?)

அதைப் பிடிக்கும் விதம் நல்லையா சொல்லிக் கொடுத்திருந்தார். கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, தலை குனிந்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். தெய்வானை அப்படி நின்று பார்த்தாள். சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, கோயில் வாசல் ஆளு!"

(இதை நான் இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். தயவுசெய்து அங்கே செருகிக்கொள்ளுங்கள்: ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் வாசலில் ஒருவர் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் வயிற்றருகே சேர்த்து நின்றுகொண்டிருப்பார். என்ன பக்தி என்று தெய்வானை வியந்திருக்கிறாள். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏன் நிற்கிறார் என்று மட்டும் புரியவில்லை.)

ஆக, அந்த ஏழு படங்களில் இருப்பது அவள்தான். வேவு பார்க்கக் கேமரா வாங்கப் போனவளை அதே கேமரா ஏற்கனவே வேவு பார்த்திருக்கிறது. பார்த்த பிறகு பொன்னுதுரை அதை அவசரமாக விற்றிருக்கிறார் என்றால், என்ன கண்டார்? பிடித்துப்போய் வேலை முடிந்ததென்று விற்றாரா, வேண்டாமென்று விற்றாரா? கழுவிப் பார்க்கலாம் என்றால் பக்கத்தில் இருப்பது அதே ஸ்டூடியோ. பிலிம் கழுவும் தொட்டியில் இருக்கும்போதே செய்தி அப்பாவுக்குப் போய்விடும். 

5.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டேஷன். கவுண்டருக்கு எதிரே நின்று தூரத்தைக் கண்ணால் அளந்தாள். எட்டடி. பிலிமை எட்டாம் எண்ணுக்குச் சுற்றி, வளையத்தையும் எட்டடியில் வைத்தாள். தலையைக் குனிந்தபோது சின்னக் கண்ணாடிக்குள் அவர் நிமிர்வது தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஒரு பிலிம் இருக்கு" என்றார் மலாயில். 

"தெரியும். ஏழு."

"கழுவிட்டீங்களா?"

"நீங்க ஏன் கழுவல?"

"எங்க கொண்டுபோறது? அந்த ஸ்டூடியோதானே இருக்கு. மறுநாளே உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

பத்மினி குறுக்கே புகுந்தாள். "அம்மனுக்கு முதுகு காட்டிக்கிட்டு நின்னது நீங்கதானே?"

"நான்தான்." அவர் மறுக்கவில்லை. "உங்க தங்கச்சி படத்துல ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல. என் படத்தை என்ன பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் சந்தேகம் வந்துச்சு."

தெய்வானைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னையா சந்தேகப்படுகிறார்? தன் கையில் கேமரா இருப்பது அந்தக் கணம் அவளுக்கு மறந்தே போயிற்று. "பாத்தீங்களே, என்ன கண்டீங்க?" என்றாள்.

"ஆறு படத்துல உங்க முதுகுதான். முன்னால வர தைரியம் இல்ல. ஏழாவது எடுக்கும்போது நீங்க திரும்பி நேரா என்னைப் பாத்தீங்க. வெக்கமாப் போச்சு. அன்னைக்கே கொண்டுபோய் நல்லையா கடையில குடுத்துட்டேன்."

"ஹலோ, டிக்கெட் குடுக்கிறீங்களா இல்லையா? செங் போற பஸ் கிளம்புது!" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

பொன்னுதுரை அவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தை மெல்லத் திருப்பினார். இடது கன்னத்தில் அம்மை வடு குழி குழியாக இருந்தது.

"எடுங்க. ஸ்டூடியோ படத்துல இல்லாத பக்கம் இதுதான்."

தெய்வானை விசையை அமுக்கினாள்.

6.

எனக்கு இந்தப் பொன்னுதுரை மேல் இப்போது சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நல்லவரா? என் கை அவரைத் தடவித் தடவி வழுவழுப்பாக்கிவிட்டதோ? அதனால்தான் வீடு திரும்பும் வழியில் பத்மினியை இப்படிச் சொல்ல வைக்கிறேன்: "வடுவைத் தானா காட்டுறவன், அதுக்குப் பின்னால எதை மறைக்கிறானோ." 

முடிவு, முதல் முயற்சி: அதே மாரியம்மன் கோயிலில் மேளம், மாலை, மாப்பிள்ளை இந்தத் தடவை அம்மனைப் பார்த்து நிற்க... (கிழித்துவிட்டேன். பாயசத்தில் சர்க்கரை ஜாஸ்தி.)

இரண்டாவது முயற்சி: அவள் கேமராவின் பின்மூடியை நடுவெயிலில் திறந்து, எட்டுப் படத்தையும் வெளிச்சத்துக்குக் கொடுத்து, மனதைத் துடைத்துக்கொண்டு... (எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தெட்டு வெள்ளி கொடுத்து வாங்கியவள் பிலிமைப் பாழாக்குவாளா? அதுவும் பத்மினியின் தங்கை?)

7.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தெய்வானை தானே ஸ்டூடியோவுக்குப் போனாள். எப்படியும் அப்பாவிடம் காட்டத்தான் போகிறாள், முன்கூட்டியே தெரிந்தால் தெரியட்டும். "பென்சில் படக் கூடாது" என்றாள்.

"ஒண்ணையுமா தொடக் கூடாது?" ஸ்டூடியோக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் அப்படிக் கேட்டதில்லையேம்மா."

"நம்பர் மட்டும் போடுங்க. பின்பக்கம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைப் பிரித்து மேசையில் பரப்பினாள். ஆறு படத்தில் அவள் முதுகும் கொண்டையும். பிச்சை எட்டாவதை எடுத்து, மாப்பிள்ளையின் ஸ்டூடியோ படத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு? வேற ஆளா இருக்கே" என்றார். பத்மினி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தெய்வானை ஏழாவதைக் கையில் வைத்திருந்தாள். கோயில் வாசலில் பாதி திரும்பிய முகம். புருவங்களுக்கு நடுவே ஒரு வெட்டுக் கோடு, இறுகிய உதடு, எதிரே நிற்பவன் என்ன திருட வந்திருக்கிறான் என்று கேட்கிற கண். இப்படி ஒரு முகம் தனக்கு இருப்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அது அப்படியே பத்மினியின் முகம். ஏமாந்த பிறகு அக்காவுக்கு வந்த முகம், ஏமாறுவதற்கு முன்பே தனக்கு வந்திருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. இந்த முகத்தைக் கண்ணுக்கு நேரே பார்த்த பிறகும் செமாபோக்கிலிருந்து சம்பந்தம் வேண்டாமென்று ஆள் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"மணி பத்தாச்சு. என்னன்னு போய்ச் சொல்லட்டும்?" என்றார் பிச்சை.

தெய்வானை படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். அதை மலாயில்தான் சொன்னாள். இந்தக் கதை முழுக்க அவள் பேச்சைத் தமிழாக்கிக்கொண்டே வந்தவன் நான். இதை மட்டும் தொட எனக்குக் கை வரவில்லை, தொட்டால் பென்சில் பட்டுவிடும். அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள், பத்மினியின் முகமும் உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் காதில் என்ன விழுந்ததோ அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

. . . . . . . . . .

பிச்சை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போகும்போது மேசையிலிருந்து எட்டாவது படத்தை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.