கருவாட்டுக்குப் போடுகிற உப்பு

என் புருஷன் சூசைமுத்துவைக் கடலில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கரையில் கால் வைத்தால்தான் வினை. காற்றடித்து வள்ளம் இறக்காத நாளில் வீட்டில் எதையாவது நோண்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பாம்பன் மடத்து சிஸ்டர் நான் காய்ச்சிய சோப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா அற்புதம், நுரை நல்லா வருது. ஆனா சீக்கிரம் கூழாயிடுது. கெட்டியாச் செஞ்சு கொண்டா, விடுதிப் பிள்ளைகளுக்கு மாசாமாசம் உங்கிட்டயே வாங்கிக்கிறேன்" என்றார். மாசாமாசம் சோப்பு போனால், பரமக்குடிக்குக் கருவாட்டுக் கூடை சுமப்பதை அன்றோடு விட்டுவிடலாம். எனக்கு வேறென்ன வேண்டும்?

காஸ்டிக் சோடா கரைத்த காரத்தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்து, அதைக் கொஞ்சம் தேங்காயெண்ணெயில் ஊற்றிப் பார்த்தேன். சோப்பு நன்றாக இறுகியது, நுரையும் குறையவில்லை. வீட்டிலிருந்த எண்ணெய் மொத்தத்தையும் போட்டு அதே போலக் கிண்டி, மரத்தட்டில் ஊற்றி மூடினேன். இதுதான் கடைசித் தடவை என்று கூடையோடு ரயிலேறினேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், தட்டு நிறைய உதிரி உதிரியாக ஈரக் குறுநொய் மாதிரி கிடக்கிறது. கத்தி வைத்தால் பொலபொலவென்று கொட்டுகிறது.

"நீ போட்ட உப்பு காணாதுடி. கொழகொழன்னு கெடந்துச்சு. சீலா மீனுக்குப் போடுற மாதிரி நாலு கை அள்ளிப் போட்டுக் கிண்டி வச்சேன்" என்றார் என் புருஷன், பெருமையாக.

"இது என்ன மீனா? கருவாடு போடவா நான் எண்ணெய் வாங்கினேன்?"

"உப்புக் கூடுனா எதுவும் இறுகத்தானடி செய்யும்? சரி விடு. சோப்பு போனாப் போகுது, கூடை இருக்குல்ல?"

சோப்பு கெட்டதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தக் கடைசிப் பேச்சில்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

விடிந்ததும் கூடையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். "இன்னிக்கு நீங்க போங்க. இத நெறையத் தண்ணியில காய்ச்சுனா உப்பு தண்ணியோட கீழ எறங்கும், சோப்பு மேல மெதக்கும். அரிச்சு எடுத்து மறுபடி தட்டுல ஊத்தணும். எனக்கு வேலை கெடக்கு."

"ஆம்பளை கூடை சுமப்பானா? ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். சோப்பக் கெடுத்தது ஊரா, நீங்களா?"

கூடையை நானே தூக்கி அவர் தலையில் ஏற்றினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

பொழுது சாய்ந்து அவர் திரும்பியபோது, அரித்தெடுத்த சோப்பை நான் தட்டில் கிண்டுகிற துடுப்பால் நிரவிக்கொண்டிருந்தேன். அது மறுபடி கூடிவந்து இறுகத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. வாசலிலேயே நின்றார்.

"அற்புதம், ரயில்ல எம் பக்கத்துல ஒருத்தனும் உக்காரல. ஒரு பொம்பள மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒன்னயும் இப்பிடித்தான் செய்வாகளா?"

பத்து வருஷமாகச் சுமக்கிறேன். இன்றைக்குத்தான் கேட்கிறார். துடுப்பைக் கீழே வைத்தேன். கையில் வைத்திருந்தால் அவர் மண்டை உடைந்திருக்கும்.