மூடுபனியில் ஒரு தலைக்கணக்கு

அன்றைக்கு மூடுபனி அட்டவணை 'பி'. அப்படியென்றால் பள்ளிப் பேருந்துகள் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பும். லாஸ் கார்சாஸ் ஊரில் டிசம்பர் பிறந்துவிட்டால் பிள்ளைகள் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி இன்றைக்கு 'ஏ'யா 'பி'யா என்பதுதான். 'சி' என்று பதில் வந்தால் பேருந்தே கிடையாது என்று மறுபடி போர்வைக்குள் போய்விடுவார்கள்.

டெல்ஃபீனா அர்ரேயோலாவுக்கு எந்த அட்டவணையும் பொருந்தாது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பள்ளி அலுவலகம். பாலத்தின் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே நடந்து வந்துவிடுவாள். பத்தொன்பது வருடமாக ஊரின் நான்கு பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் விவரக் கணக்கு அவள் பொறுப்பு. மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண். வீட்டில் என்ன மொழி, இன்னும் ஆங்கிலம் பயில்பவரா இல்லையா, சிறப்புக் கல்வி உண்டா, எல்லாம் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். பிள்ளைகளை அவளுக்கு எண்ணாகத்தான் தெரியும். முகம் தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் மாநிலத் தலைநகருக்குக் கணக்கு போய்ச் சேர வேண்டும். தப்பு இருக்கிற வரிகளைக் கணினி சிவப்பாகக் காட்டும். ஒரு சிவப்பு இருந்தாலும் கணக்கு போகாது. பத்தொன்பது டிசம்பர்களாக டெல்ஃபீனாவின் சிவப்பு பூஜ்யம். திரையின் கீழ் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றை அவளே எழுதி ஒட்டியிருந்தாள்: 'ஐந்து மணி. பூஜ்யம்.'

எட்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. முதலில் பனிதான் உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தாயும் ஏழு வயதுப் பெண்ணும். இருவர் தலைமுடியிலும் நீர்த்துளிகள். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வந்திருப்பதாகத் தாய் ஸ்பானிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பாதாம் தோப்புக்கு அப்பாலிருந்து, கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்தே வந்திருக்கிறார்கள். பேருந்து தாமதமானால் கூட்டமும் தாமதமாகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கடிதம் ஆங்கிலத்தில் போயிருந்தது.

தாயின் பெயர் மௌரிலியா, மகள் ஒதிலியா. கூட்டத்துக்கான கோப்பு டெல்ஃபீனாவின் மேசை மேலேயே இருந்தது. அவள் பிரித்துப் பார்த்தாள். பெண்ணுக்கு இடது காது மந்தம், அதற்குக் கருவி உண்டு. இப்போது அதோடு அறிவு வளர்ச்சிக் குறைவு என்றும் சேர்க்கப் போகிறார்கள். அப்படிச் சேர்த்துவிட்டால் வருகிற திங்கள் முதல் அவளை நாற்பது மைல் தள்ளி இருக்கும் தனி வகுப்புக்குச் சின்னப் பேருந்தில் அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். பள்ளி உளவியலாளர் மிஸ் பிராண்ட்வோல்டின் குறிப்பு சுருக்கமாக இருந்தது: 'ஒற்றைச் சொற்களாகப் பேசுகிறாள். ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது.'

"எந்தப் பேப்பர்லம்மா கையெழுத்துப் போடணும்?" என்று மௌரிலியா கேட்டாள். "பதினோரு மணிக்கு ஆரஞ்சுப் பழம் அடுக்குற கொட்டகைக்கு வேலைக்குப் போகணும்."

எல்லாரும் வரட்டும் என்று சொல்லி டெல்ஃபீனா அவர்களைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மௌரிலியா பையிலிருந்து குடுவையை எடுத்து, மூடியில் சூடான சோளக்கஞ்சி ஊற்றி, முதலில் டெல்ஃபீனாவுக்கே நீட்டினாள். வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஊர்ப் பனியில் சூடாக எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானம் இல்லை. கொடிக்கம்பம் இல்லை. தெருவும் இல்லை. வெள்ளை மட்டும் கண்ணாடியில் சாய்ந்து நின்றது. எங்கோ உயரத்தில் கொக்குக் கூட்டம் கூப்பிட்டுக்கொண்டு போனது. மேலே வெயில் அடிக்கிறதோ என்னவோ. கஞ்சியின் சூட்டில் டெல்ஃபீனாவின் கண்கள் சொக்கின. பாதித் தூக்கத்தில், அவளுடைய பத்து இலக்க எண்களெல்லாம் தோப்பு வழியாக வரிசையாக நடந்து வருவதாகத் தோன்றியது. எல்லாம் ஈரத் தலையோடு வந்தன. கதவுக்கு வெளியே வந்து நின்றன. யாரும் கதவைத் தட்டவில்லை. சின்னக் குரல் ஒன்று மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தபோதும் குரல் நிற்கவில்லை. ஒதிலியா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வலது காதை அம்மா பக்கம் திருப்பி, பேசிக்கொண்டே போனாள். நடுவில் சிரித்தாள். ஏதோ கேள்வி கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். அது ஸ்பானிய மொழி இல்லை. மலைக்காரர்களின் மிஷ்டெக் மொழி. டெல்ஃபீனாவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

"என்ன சொல்றா?"

மௌரிலியா கூச்சப்பட்டாள். "அது வாயாடிம்மா. பனிக்குள்ள கொக்கெல்லாம் நடந்து போகுதாம். முன்னாடி போற கொக்குக்குக் கால் வலியாம். பின்னாடி வர்ற கொக்கு அதுக்குக் கதை சொல்லிக்கிட்டே போகுதாம், அப்பத்தான் அது உட்காராதாம். வாயை மூடுடின்னு வீட்ல நாள் முழுக்க நான் கத்துறேன்."

டெல்ஃபீனா கோப்பை மறுபடி பார்த்தாள். ஒற்றைச் சொற்கள். முதல் பக்கத்தின் மேல் கட்டத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தாள்: 'வீட்டு மொழி: ஆங்கிலம் மட்டும்.'

கணினியில் ஒதிலியாவின் எண்ணைத் தட்டினாள். போன வருடம் பள்ளியில் சேர்த்தபோது பதிவு சரியாகத்தான் இருந்திருக்கிறது: மிஷ்டெக், ஆங்கிலம் பயில்பவர். இந்த அக்டோபர் மூன்றாம் தேதி மாலை நாலு நாற்பத்தேழுக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பார்க்கக் கீழே போனாள். டி.ஏ. என்று இருந்தது.

டி.ஏ. அவள்தான்.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயரே இருந்தது, 'சுத்தம் செய்வது'. ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளுக்கு வருடம் ஒரு தேர்வு உண்டு. சிறப்புக் கல்வியிலும் இருக்கிற, காது கேளாத பிள்ளையும் வாய் திறக்காத பிள்ளையும் அதைப் பாதியில் விட்டுவிடும். மதிப்பெண் இருக்காது. மதிப்பெண் இல்லாத வரி சிவப்பாகும். அந்தச் சிவப்பை நீக்கச் சிறப்புக் கல்விக் கட்டத்தைத் தொட வேண்டுமென்றால் ஆறு பேர் கையெழுத்து வேண்டும். மொழிக் கட்டத்துக்கு ஒரு விரலே போதும். 'ஆங்கிலம் மட்டும்' என்று மாற்றினால் தேர்வே தேவையில்லை, சிவப்பு மறைந்துவிடும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவளே டெல்ஃபீனாதான். நான்கு பள்ளி எழுத்தர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அப்போது கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

அவள் மாற்றிய அந்த ஒரு கட்டத்தை நம்பித்தான் மிஸ் பிராண்ட்வோல்ட் இந்தப் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்திருக்கிறாள். ஒரு ஆளை ஊரை விட்டு அனுப்ப, முகம்கூடப் பார்க்காமல், ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது. டெல்ஃபீனாவுக்கு அவமானமாக இருந்தது.

ஒதிலியாவின் கட்டத்தைப் பழையபடி மாற்றினாள். வரி சிவந்தது. பிறகு டி.ஏ. என்ற கையெழுத்தோடு இதே மாதிரி மாறிய வரிகளையெல்லாம் தேடினாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டில் பழையபடி மாற்றினாள். திரை மேலிருந்து கீழ்வரை சிவந்துகொண்டே போனது. சிவப்பு வரிகளை விரல் வைத்து எண்ணினாள். பதிமூன்று.

மேலதிகாரி ஒலிவேராவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நெடுஞ்சாலை ஓரத்தில் பனியில் மாட்டிக்கொண்டு, முன்னால் நிற்கும் பால் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மாநிலம் வெளியிடும் பட்டியலில் பதினொன்றுக்குக் குறைவான எண்ணிக்கையை அச்சிடமாட்டார்கள், அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். ஆங்கிலமும் பயிலவேண்டும், சிறப்புக் கல்வியும் வேண்டும் என்கிற பிள்ளைகள் லாஸ் கார்சாஸ் கணக்கில் ஆறே பேர். வருடா வருடம் நட்சத்திரம்தான்.

"ஆறும் பதிமூணும் பத்தொன்பது. நட்சத்திரம் போயிடும், டெல்ஃபீனா. நம்பர் வெளிய வந்துடும். இத்தனை பிள்ளைக்கு மொழி தெரிஞ்ச ஒரு சிறப்பு ஆசிரியர்கூட ஏன் இல்லைன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

"பத்தொன்பது வருஷமா சிவப்பே இல்லாம அனுப்பியிருக்கோம். அஞ்சு மணிக்குள்ள போகலைன்னா தாமதப் பட்டியல்ல நம்ம ஊர் பேர் வரும். முதல்ல யார் மாத்தினதுன்னு பார்ப்பாங்க. உன் பேர்தான் நிக்கும். தெரியுதா?"

"தெரியுது சார். நான்தானே மாத்தினேன்."

அவர், எல்லாவற்றையும் 'ஆங்கிலம் மட்டும்' என்றே திருப்பி வைத்துவிடு, தான் வந்து சேர்கிற வரை வேறு எதையும் தொடாதே, ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வைத்தார். ஜனவரியில் இந்தப் பெண் நாற்பது மைல் தள்ளி இருப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பால் வண்டியின் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

டெல்ஃபீனா கோப்பின் முதல் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்தாள். 'வீட்டு மொழி: மிஷ்டெக்.' பழைய தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகினாள். எவ்வளவு சின்ன வேலை என்று நினைத்தாள். மாற்றியபோதும் இதே அளவுதான்.

பத்தே முக்காலுக்கு மிஸ் பிராண்ட்வோல்ட் வந்தாள். உயரமான பெண், மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கோப்பு எங்கே, சீக்கிரம் முடித்துவிடலாம், இன்னும் இரண்டு கூட்டம் இருக்கிறது என்றாள். டெல்ஃபீனா கோப்பை நீட்டவில்லை. என்ன நடந்தது, யார் செய்தது என்பதை ஒன்று விடாமல் சொன்னாள். மிஸ் பிராண்ட்வோல்ட் கண்ணாடியை மாட்டாமலேயே நின்றாள்.

"நான் கேட்டேன்," என்றாள் கடைசியில். "வீட்ல வேற மொழி ஏதாவது பேசுவாங்களான்னு உங்க ஆஃபீஸ்லதான் கேட்டேன். கம்ப்யூட்டர்ல இல்லைன்னு சொன்னாங்க."

"கம்ப்யூட்டர்ல இல்லைதான்," என்றாள் டெல்ஃபீனா.

இவர்கள் பேசுவது பிடிபடாததாலோ என்னவோ, ஒதிலியா ஜன்னலை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்திருந்தாள். அந்த வெள்ளை வெளேரென்ற காலையில் திரை ஒன்றுதான் நிறமாக இருந்தது. நாற்காலியில் முழங்காலிட்டு ஏறினாள். மேல் வரியில் விரலை வைத்தாள். "ஈன்," என்றாள். அடுத்த வரி. "உவி." அடுத்தது. "உனி. கூமி."

மௌரிலியா பதறி எழுந்தாள். டெல்ஃபீனா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வரிக்கு ஒரு சொல். ஐந்தாவது வரியைத் தாண்டியது. ஆறைத் தாண்டியது. மிஸ் பிராண்ட்வோல்ட் மெதுவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அர்த்தம் தெரிய வேண்டியதே இல்லை. விரலும் குரலும் ஒன்றாக நடந்தன, ஒன்றை ஒன்று முந்தவில்லை. கடைசி வரியில் விரல் நின்றது. "உஷி உனி."

"பத்தும் மூணும்ங்கிறா," என்றாள் தாய்.

பதிமூன்று. சரியாகத்தான் இருந்தது. மிஸ் பிராண்ட்வோல்ட் மேசையிலிருந்த கோப்பைத் தானே எடுத்துப் பிரித்தாள். தன் குறிப்பு இருந்த பக்கத்தை உருவி நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அவர்கள் மொழியில் சோதிக்க ஆள் கிடைக்கிற வரை கூட்டம் இல்லை என்றும், பிள்ளை திங்கட்கிழமை தன் வகுப்புக்கே போகட்டும் என்றும் சொன்னாள். டெல்ஃபீனா அதை ஸ்பானிய மொழியில் சொன்னபோது, கையெழுத்து வேண்டாமா என்று மௌரிலியா இரண்டு தடவை கேட்டாள்.

ஒதிலியா இன்னும் இறங்கவில்லை. திரையின் கீழ் ஓரத்தில் டெல்ஃபீனா ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டையே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதன் விளிம்புக்கு வெளியே சிவப்பு ஒரு நூலளவு எட்டிப் பார்த்தது. நகத்தால் சீட்டை ஓரத்திலிருந்து உரித்தாள். அது அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அடியில் இன்னொரு வரி இருந்தது. இன்னொரு எண், இன்னொரு பெயர். மூன்றாம் வகுப்புப் பையன். டெல்ஃபீனா பார்த்ததே இல்லாத யாரோ.

"உஷி கூமி," என்றாள் ஒதிலியா. பிறகு டெல்ஃபீனாவை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் எண்ணிக்கையில் தவறினால் சின்னப் பிள்ளைகள் பார்க்கும் பார்வை.

டெல்ஃபீனாவின் கண்கள் நிறைந்தன. அதை மறைக்க அவள் முயலவில்லை. தொலைபேசியை எடுத்து மறுபடி அதே எண்ணை அழைத்தாள். பனிக்குள்ளிருந்து ஒலிவேராவின் குரல் வந்தது. எல்லாவற்றையும் 'ஆங்கிலம் மட்டும்' என்று திருப்பி வைத்துவிட்டாயா என்று கேட்டார்.

"இல்ல சார். பதிமூணுன்னு தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள் டெல்ஃபீனா. "பதினாலு. என் கணக்கை இங்க ஒருத்தி திருத்தியிருக்கா."