பன்னிரண்டு மணல் பைகள்

வேன் கவிழ்ந்ததில் அவள் கணவர் போய்விட்டார். பின்னால் கிடந்த பன்னிரண்டு மணல் பைகளில் பதினொன்று அப்படியே வந்து சேர்ந்தன. ஆற்றோர மேட்டில் துளையிட்டு மணல் எடுத்து வருவது அவர் வேலை. அது கட்டடத்துக்கு ஆகுமா, வேறு எதற்காவது ஆகுமா என்று பரிசோதனைக் கூடத்தில் பார்த்துச் சொல்வது அவள் வேலை.

மூன்றாவது வாரம் வேலைக்கு வந்தாள்.

"இதை வேற யாரையாவது பாக்கச் சொல்றேம்மா," என்றார் மேலாளர்.

"நானே பாக்கறேன் சார்."

பைகளின் மேல் துளை எண்ணும் ஆழமும் அவர் கையெழுத்தில் இருந்தன. படித்தாள். பதிவேட்டில் எழுதினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணலைச் சலித்து எடை போட்டாள். கண்ணாடிக் குழாயில் மணலைப் போட்டு உப்புநீர் ஊற்றிக் குலுக்கி வைத்து, மேலே படிந்த வண்டலை அளந்தாள். உலர்த்தும் அடுப்பிலிருந்து தட்டை வெறுங்கையால் எடுத்தபோது பக்கத்து மேசைக்காரி அலறினாள்.

"அக்கா, கை! வலிக்கலையா?"

விரல்கள் சிவந்திருந்தன. "தெரியலை," என்றாள்.

வேன் கவிழ்ந்ததில் கிழிந்துபோன அந்தப் பன்னிரண்டாவது பை, மூன்றாம் துளையின் அடிமண். அது இல்லாமல் களிமண் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கணவரோடு சேர்ந்து துளை போட்டு வந்தவரைக் கூட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். எல்லோருக்கும் அவர் ஒட்டகம்.

பழைய துளை பாதி தூர்ந்து கிடந்தது. பக்கத்திலேயே புதிதாகப் போட்டார்கள். இரண்டு மீட்டர் தாண்டியதும் களிமண் ஏறி வந்தது.

"அண்ணன் இருந்தா, 'உன் தலைக்குள்ள இருக்கறது பத்தாதா, இங்கயும் களிமண்ணு தோண்டறியா'ன்னு கேட்டிருப்பாரு அண்ணி," என்று சிரிக்கப் பார்த்த ஒட்டகம், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

அவள் பையின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"அழுதுட்டே கொட்டுங்க. பரவாயில்லை."

அறிக்கை தயாரானது. மேல்மணல் பூச்சு வேலைக்கு ஆகும், கான்கிரீட்டுக்கு ஆகாது. கீழே உள்ள களி கலந்த மணல் அச்சு செய்ய ஆகுமா என்று வார்ப்படத் தொழிற்சாலையை வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். மணல் எடுத்தவர் என்ற இடத்தில் கணவர் பெயரை எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டில் மாமியார் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அவன் எடுத்தாந்த மண்ணு நல்ல மண்ணாம்மா?"

"மேல ரெண்டு மீட்டர் நல்ல மண்ணு அத்தை."

"அப்படியா," என்று மாமியார் எதிரில் உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.