மருந்துக்கு மேல் ஒரு பூச்சு

கரண்டியக்கா பூசிய சுவரில் எறும்புகூட வழுக்கி விழும் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, மண்சுவருக்கு அவள் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் சிமென்ட் வீட்டுக்காரர்களே நின்று தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கொத்துக் கரண்டியை இடுப்பில் செருகாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவள் தம்பியே ஒரு நிமிஷம் யோசிப்பான்.

புருஷன் போன பிறகு அவள் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். தம்பி பால்காரன். நாலு மாடு, ஒரு கொட்டகை, கொட்டகையின் சுவரோடு ஒட்டிக் கட்டிய ஓர் அறை, முன்னால் சின்னக் கூடம். அந்த அறையில்தான் தம்பி மகள் சுண்டு, நாலு வயசு, அத்தையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தரையில் தூங்குவாள். கரண்டியக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை சுண்டு பிறந்த அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள்.

வெயில் தொடங்கிய நாட்களில் நர்ஸம்மா பள்ளிக்கூடத்தில் தெருப் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினாள்.

“மணல் ஈன்னு ஒரு பூச்சி. கொசுவுல மூணுல ஒரு பங்குதான் இருக்கும். காதுகிட்ட வந்தாலும் சத்தம் கேக்காது. பகலெல்லாம் சுவர் விரிசல்லயும் மாட்டுக் கொட்டகை இருட்டுலயும் ஒளிஞ்சிருக்கும், பொழுது சாஞ்சா வந்து கடிக்கும். கருங்காய்ச்சல் அதாலதான் பரவுது. வீட்டுல இருக்கற விரிசலையெல்லாம் முதல்ல அடைங்க.” சொல்லிவிட்டு அவள் கரண்டியக்காவைப் பார்த்துச் சிரித்தாள். “உங்கள மாதிரி ஆளுதான்கா இப்ப எங்களுக்கு வேணும்.”

அவ்வளவுதான். கரண்டியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழைத்து வைத்த மண் காய்ந்துவிடும் என்று பாதிக் கூட்டத்தில் எழுந்தவள், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். மீதிக் கூட்டத்தில் நர்ஸம்மா என்ன சொன்னாள் என்று அவளும் கேட்கவில்லை, அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். முதுகில் பம்ப்பு, மூக்கில் துணி. அவர்களுக்கு மேலாளாக வந்தவரைத் தெரு மொத்தமும் பம்ப்பு சார் என்று கூப்பிட்டது. வேலை முடிந்து கரண்டியக்கா வீட்டுக்கு வந்தபோது, அவள் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அறைச்சுவர் முழுக்க மோரைக் கொட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆறு மாசத்துக்குச் சுவர்ல கை வைக்கக் கூடாதாம் அண்ணி. பூசக் கூடாது, கழுவக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க,” என்றாள் தம்பி மனைவி.

“யாரு, பம்ப்பு சாரா? அவருக்குச் சுவரப் பத்தி என்ன தெரியும்? விரிசலை அடைன்னு நர்ஸம்மாவே சொல்லியிருக்கு. மருந்து உள்ள இருக்கட்டும், பூச்சு மேல இருக்கட்டும். ரெண்டு காவல்!”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அண்ணியிடம் சுவரைப் பற்றி வாதாடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் எப்போதும் ஈரம் காயாத மண் இருந்தது. வெட்டினால் வெண்ணெய்போல வரும். அதில் சாணமும் உமியும் சேர்த்து மிதித்து, வெள்ளைப் படலத்தின் மேல் நகக்கனத்துக்கு ஒரு பூச்சு கொடுத்தாள். எங்கே தொடங்கினாள், எங்கே முடித்தாள் என்று கண்டுபிடிக்க முடியாத பூச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். அவள் வீட்டுச் சுவரிலும் அதே அசிங்கம்தானே? பிறகு எதிர்வீடு, தையல்காரர் வீடு, தபால்காரர் வீடு. பதினைந்து நாளில் பதினாலு வீடு. அந்தப் பதினைந்து நாளும் கரண்டியக்காவைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சுண்டு புதுச்சுவர் குளுகுளுவென்று இருக்கிறது என்று முதுகை அதில் ஒட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் கையிலும் கழுத்திலும் சின்னச் சின்னத் தடிப்பு. வேர்க்குரு என்று நினைத்தார்கள்.

நாலு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தது. வந்தது, போனது, மறுபடி வந்தது. மாத்திரை கொடுத்தால் இரண்டு நாள் ஓடுவாள், மூன்றாம் நாள் சுருண்டுவிடுவாள். மூன்று வாரத்தில் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. நர்ஸம்மா இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள், விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அட்டையில் விட்டாள். அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கருங்காய்ச்சல் என்று அர்த்தம்.

“மருந்து இருக்குக்கா. ஆனா இரத்தம் ரொம்பக் குறைஞ்சு போயிருக்கு. நாளைக்குக் காலையில வண்டி அனுப்பறேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்,” என்றாள் நர்ஸம்மா. பிழைத்துவிடுவாள் என்று அவள் சொல்லவில்லை. கரண்டியக்கா அதைக் கவனித்தாள்.

மறுநாள் வண்டியும் பம்ப்பு சாரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். நோய் கண்ட வீட்டுக்கும் சுற்றி நாலு வீட்டுக்கும் மறுபடி மருந்தடிக்க வேண்டுமாம். அவர் அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தார். கையைப் பார்த்தார். வெள்ளை எதுவும் ஒட்டவில்லை.

“மருந்தடிச்ச பிறகு இதுல ஏதாவது பூசினீங்களாம்மா?”

தம்பி மனைவி சுண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். ஒரு கணம் நாத்தனாரைப் பார்த்தாள்.

“இல்லீங்க. யாரும் கையே வைக்கல.”

பெற்ற பிள்ளை தோளில் துவண்டு கிடக்கும்போது அண்ணியைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு பொய் சொல்லத் தோன்றியிருக்கிறது. திட்டியிருந்தால்கூடக் கரண்டியக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் தம்பி பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான்.

“அத்த வா,” என்றாள் சுண்டு. குரல் பூனைக்குட்டியின் குரலாக இருந்தது.

“நீ போடா தங்கம். அத்த பின்னாடியே வர்றேன்.”

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள். உள்ளே பம்ப்பு சார் கையை உதறியபடி தன் ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“பழைய பூச்சுதான்யா, புதுசுன்னா ஒரு தடமாவது தெரியும். மருந்து தானா உதிர்ந்திருக்கும். இந்த அஞ்சு வீட்ட முடிச்சுட்டுக் கிளம்பலாம், மத்ததெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

இவ்வளவு வருஷத்தில் அவள் வேலைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அது அவள் நெஞ்சில் அடித்த அடியாக விழுந்தது. அஞ்சு வீடு. மீதி ஒன்பது வீட்டுக்காரர்களும் மருந்து இருக்கிறது என்று நம்பி இன்றைக்கும் பிள்ளைகளைச் சுவரோரம் படுக்க வைப்பார்கள். இப்போது பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெருவில் அவள் பெயர் அப்படியே இருக்கும். அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது. அதற்காகப் பிறகு அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

இடுப்பிலிருந்து கரண்டியை உருவினாள். சுண்டு முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கும் இடத்தில், சுவரின் அடியில், முனையைக் குத்தி நெம்பினாள். நல்ல பூச்சு, லேசில் வரவில்லை. இரண்டாம் நெம்பலில் தட்டுப்போல ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு அடித்த மருந்து, அடித்தது அடித்தபடியே. சுண்டுவின் முதுகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நகக்கனம்.

பம்ப்பு சார் குனிந்து பார்த்தார்.

“யாரு பூசினது?”

“நான்தான். விரிசலை அடைக்கச் சொன்னாங்க. மருந்து உள்ள இருந்தா போதும்னு நெனச்சேன்.”

“விரிசலை மருந்தடிக்கறதுக்கு முன்னாடி அடைக்கணும்மா. மருந்து மேல இருக்கணும். அந்த ஈ வந்து சுவர்ல உக்காந்து, அதோட கால்ல மருந்து ஒட்டினாத்தான் சாகும்.” கீழே விழுந்த துண்டை எடுத்து முகர்ந்தார். “கொட்டகை மண்ணா? அந்த ஈரத்துலதான் அது முட்டையே வைக்கும். நீங்க அதுக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்கீங்க.”

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“இதச் சுரண்டி எடுத்துட்டா உள்ள இருக்கற மருந்து வேலை செய்யுமா சார்?”

“சுரண்டினா மருந்தும் சேர்ந்துதான் வரும். வந்திருக்கு பாருங்க.” துண்டைத் திருப்பிக் காட்டினார். பாதி வெள்ளை அதன் முதுகில் இருந்தது. “புதுசா அடிக்கணும். எத்தனை வீடு பூசினீங்க?”

“பதினாலு.”

அவர் நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்த்தார், பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார். “பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எங்களுக்கு உங்க பூச்சு கண்ணுக்குத் தெரியாது.”

அப்படித்தான் கரண்டியக்கா தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு. “தப்புப் பண்ணிட்டேன். மருந்த மூடிட்டேன். சாமான எடுத்து வெளிய வைங்க.” முதல் வீட்டுக்காரி வசைமாரி பொழிந்தாள். இரண்டாம் வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள், பம்ப்பு சார் தட்டித் திறக்க வைத்தார். எதிர்வீட்டுக்காரி மட்டும் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துவைத்துக் கழுத்தையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரண்டியக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமோ என்று காது மட்டும் மடியில் செருகிய போனிலேயே இருந்தது.

பத்தாவதாகத் தையல்காரர் வீடு. பொழுது தாழ்ந்து, கொட்டகைகளுக்குள் இருட்டு முதலில் வந்துவிட்டிருந்தது. தையல்காரரின் இளம் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“மருந்தெல்லாம் வேணாம்கா. எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் இந்தச் சுவரைத்தான் முதல்ல கேக்கறாங்க. உங்க கைவேலைய நாறடிக்க நான் விடமாட்டேன்.”

“சுவரு போனாப் போகுது, விடுடி.”

“எங்களுக்குத்தான் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே. சின்னவனுக்கு மட்டும் லேசா உடம்பு காயுது. அது சளி. பத்து நாள் ஆச்சு, விட்டு விட்டு வருது, போயிடும்.”

கரண்டியக்கா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம், விளக்கு போடாத மூலையில், சின்னவன் படுத்திருந்தான். இரண்டு வயசு இருக்கும். சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதென்று கன்னத்தை அதில் வைத்திருந்தான். அவன் தலைக்கு மேலே, அவள் தேய்த்து வழவழப்பாக்கிய மண்ணில், எள்ளைவிடச் சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கையை மடக்காமல் தூக்கி வைத்திருந்தது. அவள் கையை ஓங்குவதற்குள் அது சத்தமில்லாமல் ஒரு தத்துத் தத்தி இரண்டு விரல் தள்ளி மறுபடி சுவரிலேயே உட்கார்ந்தது.

“சார், இங்க வாங்க,” என்று கூப்பிட்டாள். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னாள். “சுவரு கெடக்கட்டும். முதல்ல பிள்ளையத் தூக்குடி.”

தையல்காரர் மனைவி அசையவில்லை. கரண்டியக்காவே குனிந்து பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். உடம்பு கொதித்தது. இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.